நாஸ் பெட்டியில் உள்ள படங்கள் பாதி சாம்பலாகத் திறக்கின்றன: அவசர உதவி தேவை

உட்லண்ட்ஸ்வாசி:
வணக்கம். வீட்டு நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் இணைந்த சேமிப்புப் பெட்டி) சேமித்திருந்த தைப்பூசப் படங்களில் ஏறத்தாழ 30 படங்கள், மேற்பாதி சரியாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பலாகவும் திறக்கின்றன. ரெய்டு (பல வட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் தரவைக் காக்கும் முறை) இருப்பதால் வட்டில் கோளாறு இருக்க வாய்ப்பில்லை. அடுத்த வாரம் கோயில் தொண்டூழியர் குழுவிடம் படங்களை ஒப்படைக்க வேண்டும். சரிசெய்யும் வழியைக் கூறுங்கள்.

செங்காங்_செல்வி:
எந்த ரெய்டு, எத்தனை வட்டுகள், எந்தக் கோப்பு முறைமை, கடைசியாக ஸ்க்ரப் (சேமித்த தரவு முழுவதையும் படித்துச் சரிபார்க்கும் வேலை) ஓடியது எப்போது, மூலப் படங்கள் கேமரா அட்டையில் இன்னும் உள்ளனவா? இவை தெரியாமல் எதைச் சொன்னாலும் ஊகமாகவே இருக்கும்.

தேக்கா_தம்பி:
வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். வட்டு தன் நிலையைத் தானே பதிவுசெய்யும் ஸ்மார்ட் அறிக்கையின் 199ஆம் வரியில் (தரவு கடத்தும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை) எண் ஏறியிருந்தால் கேபிள்தான் காரணம்.

மூத்த_நிர்வாகி:
உட்லண்ட்ஸ்வாசி, ரெய்டு என்பது பேக்கப் அல்ல என்பதை எத்தனை முறை எழுதுவது? முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வாருங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
மன்னிக்கவும். நான்கு வட்டுகள், ரெய்டு 5, பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறைமை. ஸ்க்ரப் ஓட்டியதே இல்லை. அட்டை இருக்கிறது. சென்ற மாதம் வீட்டில் மெயின் ஸ்விட்ச் இருமுறை டிரிப் ஆனது. "ரிப்பேர்" என்று ஒரு பொத்தான் தெரிகிறது, அழுத்தலாமா?

செங்காங்_செல்வி:
தயவுசெய்து அழுத்தாதீர்கள். ரெய்டு 5 முறையில், பாரிட்டி (தரவிலிருந்து கணக்கிட்டு வைக்கும் மீட்புத் தகவல்) பொருந்தவில்லை என்பது தெரியுமே தவிர, எந்த வட்டு பொய் சொல்கிறது என்பது தெரியாது. லினக்ஸ் மென்பொருள் ரெய்டின் "ரிப்பேர்", தரவே சரி என்று வைத்துக்கொண்டு பாரிட்டியை மாற்றி எழுதிவிடும். தரவு கெட்டிருந்தால், மீட்கக் கைவசம் இருந்த ஒரே தடயமும் அத்துடன் அழிந்துவிடும்.

முதலில் ஸ்க்ரப் ஓட்டுங்கள். ஆனால் சில பெட்டிகளில் பகிர்வுக் கோப்புறையை உருவாக்கும்போதே செக்சம் (தரவு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) வசதியைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லையெனில் ஸ்க்ரப் உங்கள் படங்களைச் சரிபார்க்காமலேயே "பிழை இல்லை" என்று சொல்லும். செக்சம் இருந்தும் பிழை வரவில்லை என்றால், படம் வட்டுக்குப் போகும் முன்பே, அதாவது நினைவகத்திலோ நகலெடுத்த கணினியிலோ கெட்டிருக்கிறது என்று பொருள். அதன்பின் கெட்ட படம் ஒன்றை அட்டையில் உள்ள மூலத்துடன் பைட் பைட்டாக ஒப்பிடுங்கள். 4096 பைட்டுகள் மொத்தமாகச் சுழியமாகியிருந்தால் வட்டையோ மின்தடையையோ சந்தேகிக்கலாம். ஒற்றை பிட் புரண்டிருந்தால் நினைவகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஜேபெக் படத்தில் ஒரு பிட் மாறினாலே அதற்குக் கீழுள்ள பகுதி முழுவதும் குலைந்துபோகலாம்.

தேக்கா_தம்பி, 199ஆம் வரி எண்ணுவது பிடிபட்ட பிழைகளை. அந்தத் தரவு மறுபடி அனுப்பப்பட்டுவிடும். ஓசையின்றிக் கெடுவதற்கு அது அரிதாகவே காரணமாகும்.

மூத்த_நிர்வாகி:
இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை வைத்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. சன் நிறுவனம் 2005இலேயே அதை வெளியிட்டுவிட்டது. பிடிஆர்எஃப்எஸ்ஸை நம்பியவர்களுக்கு இதுதான் கதி.

செங்காங்_செல்வி:
ஐயா, செக்சம் கணக்கிடப்படுமுன் நினைவகத்தில் தரவு கெட்டால், இசட்எஃப்எஸ்ஸும் கெட்ட தரவுக்குச் சரியான செக்சம் எழுதி முத்திரை குத்திவிடும். அங்கே உதவக்கூடியது, பிட் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி நினைவகம்தான்.

மூத்த_நிர்வாகி:
ஈசிசி இல்லாமல் இசட்எஃப்எஸ் ஓட்டச் சொல்லி நான் எப்போது எழுதினேன்?

செங்காங்_செல்வி:
எழுதவில்லை. ஆனால் அவர் வீட்டில் இருக்கும் பெட்டியைப் பற்றித்தானே பேசுகிறோம்?

உட்லண்ட்ஸ்வாசி:
செக்சம் இருந்தது, ஸ்க்ரப்பில் பிழை 0. ஒப்பிட்ட மூன்று படங்களிலும் தலா ஒரே ஒரு பிட் மட்டுமே மாறியிருந்தது. பெட்டியின் நினைவகச் சோதனை தோல்வி என்று காட்டியது. டிசம்பரில் நானே கூடுதலாகப் பொருத்திய நினைவகத்தைக் கழற்றியபின் சோதனை தேறியது. படங்களை அட்டையிலிருந்து மீண்டும் ஏற்றிவிட்டேன். நன்றி.

செங்காங்_செல்வி:
நல்லது. ஆனால் டிசம்பர் முதல் அந்தப் பெட்டியில் எழுதப்பட்ட எல்லாக் கோப்புகளுமே சந்தேகத்திற்குரியவை. அவற்றில் வேறெங்கும் மூலம் இல்லாதவை எவை?

தேக்கா_தம்பி:
கேபிளையும் ஒருமுறை மாற்றிப் பார்த்தீர்களா?