வேலூர் கோட்டையை நடந்து பார்த்தவர்கள்: அனுபவப் பகிர்வு

சத்துவாச்சாரியிலிருந்து

வேலூரில் வளர்ந்தவர்களுக்குக் கோட்டை என்பது வழி சொல்ல ஓர் அடையாளம். "கோட்டை எதிர்ல இறங்கிக்கோ", "கோட்டை தாண்டி லெஃப்ட்ல திரும்பு", அவ்வளவுதான். பிரதோஷத்துக்குக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போவோம், சாயங்காலம் அகழி ஓரம் உட்கார்ந்து வேர்க்கடலை கொறிப்போம், வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்தால் மருந்து வாங்கின கையோடு ஒரு சுற்றுக் காட்டிவிட்டு அனுப்புவோம். வழிகாட்டியோடு கோட்டையைச் சுற்றும் நடை ஒன்று இருக்கிறது என்றதும், நம்ம ஊர்க் கோட்டையை இன்னொருத்தர் பின்னால் நடந்து பார்க்க வேண்டுமா என்று வீட்டில் சிரித்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த அத்தை மகள்தான் பிடிவாதமாக இழுத்துக்கொண்டு போனாள். போய்வந்த பிறகு எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதால் இது கொஞ்சம் நீளமாகவே இருக்கும்.

அழைத்துப் போனவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். காலை ஆறரைக்கே வரச் சொல்லிவிட்டார். வேலூர் வெயில் தெரியுமே, ஒன்பது மணிக்கு மேல் அந்தக் கருங்கல் பக்கம் நிற்க முடியாது. எடுத்த எடுப்பில் யார் கட்டினார்கள், எப்போது கட்டினார்கள் என்று அவர் ஆரம்பிக்கவில்லை. அகழிப் பாலத்தில் எல்லோரையும் நிறுத்தி, "இந்தக் கோட்டைக்குள்ள வந்து வெளிய போக முடியாம இருந்தவங்க யார் யார்னு இன்னிக்குப் பார்க்கலாம்" என்றார். சுற்றுலாத் துறைப் பலகை சொல்லாத கதை இது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கேலி செய்வார்கள் அல்லவா? அதில் முதல் கேலி தப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ராஜாக்களும் ராஜ குடும்பங்களும் இங்கே இருந்தார்கள், கைதிகளாக இருந்தார்கள்.

கட்டிய கதையை நடந்துகொண்டே இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டார். 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக்குக் கீழே இருந்த சின்ன பொம்மி நாயக்கர் காலத்துக் கோட்டை. அப்புறம் பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர், முகலாயர், ஆற்காடு நவாப், கடைசியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள். பரப்பு 133 ஏக்கர். மதில் ஒன்றல்ல இரண்டு: உள்ளே உயரமானது, அதற்கு முன்னால் தாழ்வாக இன்னொன்று. இதைக் கையை நீட்டி அவர் காட்டும்வரை அந்த இரண்டாவது மதிலை நான் தனியாகக் கவனித்ததே இல்லை. அகழியில் முதலை விட்டிருந்தார்களாம். ஆயிரம், பத்தாயிரம் என்று அவரவர் வாய்க்கு வந்த கணக்கைச் சொல்வார்கள். இவர் எண்ணிக்கையே சொல்லவில்லை, அதனாலேயே அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு 1806 சிப்பாய்ப் புரட்சி. பள்ளிக்கூடத்தில் நாலு வரி படித்ததுதான். ஆனால் அந்த இடத்திலேயே நின்று நேர வரிசையில் கேட்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. முதலில் அந்தத் தொப்பி விவகாரம், கம்பெனி தன் சிப்பாய்களுக்குப் போட்ட உத்தரவு. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும், புதுத் தலைப்பாகையில் தோல் பட்டை. இந்துச் சிப்பாய்களுக்கும் ஆகவில்லை, முஸ்லிம் சிப்பாய்களுக்கும் ஆகவில்லை. மறுத்தவர்களில் இந்து ஒருவருக்கும் முஸ்லிம் ஒருவருக்கும் ஆளுக்கு 90 கசையடி கொடுத்து வேலையை விட்டே துரத்தினார்கள். இது மே மாதம். மைசூர் திப்பு சுல்தானின் குடும்பத்தை அப்போது இங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். ஜூலை 9 அன்று கோட்டைக்குள்ளேயே திப்புவின் மகள் கல்யாணம். அந்தச் சந்தடியில் சிப்பாய்கள் உள்ளே கூடிக்கொண்டார்கள். 10ஆம் தேதி விடிவதற்கு முன்பே துப்பாக்கிச் சத்தம் கேட்டுவிட்டது.

69ஆவது படைப்பிரிவின் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தூங்கிக்கொண்டிருந்த பாரக்ஸ் பக்கம் எது, கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் வீட்டுப் பக்கம் எது, கொடி ஏற்றியது எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனார். 14 அதிகாரிகளும் 69ஆவது பிரிவில் 115 பேரும் செத்தார்கள். ஃபேன்கோர்ட்டும் செத்தார். அவர் மனைவி இரண்டு சின்னக் குழந்தைகளோடு கோழிக் கொட்டகையில் ஒளிந்திருந்து தப்பினாள், அந்த அம்மாவே பிற்பாடு அதை எழுதியும் வைத்தாள். அத்தை மகள் அந்த இடத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். "யார் பக்கம் நியாயம்னு கேக்காதீங்கம்மா, கதையை முழுசா கேளுங்க" என்றார் ஆசிரியர்.

முழுசாக என்றால் இது. சிப்பாய்கள் கோட்டையைப் பிடித்து, திப்புவின் புலிக்கொடியையும் ஏற்றிவிட்டார்கள், ஆனால் வாசலை ஒழுங்காகக் காக்கவில்லை. பாதிப் பேர் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த ஓர் அதிகாரி ஆற்காட்டுக்குத் தகவல் கொடுக்க, அங்கிருந்து கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி குதிரைப்படையோடு வந்து சேர்ந்தார். வாசலுக்கு மேல் மதிலில் சில வெள்ளைக்காரர்கள் இன்னும் தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மேலே ஏறி அவர்களோடு சேர்ந்துகொண்டார். பின்னால் பீரங்கி வந்ததும் கதவைத் தகர்த்தார்கள். அதற்கு அப்புறம் நடந்ததைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை, வேகம்தான் குறைந்தது. அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த சிப்பாய்கள் நூறு பேரைப் பிடித்து வந்து சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று மட்டும் செத்த சிப்பாய்கள் 350 பேர் இருக்கும் என்றும், அதற்கும் மேலே என்றும் கணக்கு வேறுபடுகிறது. விசாரணை என்று நடத்தி பிற்பாடும் சிலரைத் தூக்கில் போட்டார்கள், சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். தொப்பி உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். மதராஸ் கவர்னர் பெண்டிங்கும் படைத்தலைவர் க்ராடாக்கும் பதவி இழந்து கப்பலேறினார்கள். திப்புவின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். கைதிகளுக்குச் சிறை மாறியது, அவ்வளவுதான்.

எங்களோடு வந்த ஒரு பையன் இதற்கு நடுவில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னா நைனா, இம்மாந் தூரம் வந்துட்டு போனைப் பாத்துக்கினு கீற?" என்று ஒரே கேள்வி. கூட்டம் மொத்தமும் சிரித்துவிட்டது. அதுவரை நல்ல மேடைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர் வாயிலிருந்து அசல் வேலூர் பாஷை!

கோயில் எனக்குத் தெரிந்த இடம் என்று நினைத்திருந்தேன். கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேலே பார்க்கச் சொன்னார். கூரையில் கல் பூவைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். கழுத்து வலிக்கும் வரை பார்த்தோம். தூணில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும். இந்த மண்டபத்தையே பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள், கப்பல் கவிழ்ந்ததால் தப்பியது என்று ஒரு கதை உண்டு. ஆசிரியரும் கதை என்று சொல்லித்தான் சொன்னார். கம்பெனி காலத்தில் இந்தக் கோயில் ஆயுதக் கிடங்காக இருந்தது என்பது மட்டும் நிஜம்.

இங்கே எங்கள் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மூலவர் லிங்கம் காலம் காலமாகச் சத்துவாச்சாரியில்தான் இருந்தது. 1981 மார்ச்சில்தான் கோட்டைக்குள் திரும்ப வந்தது. அதுவரை பூசை இல்லாத கோயில், பல தலைமுறையாக. அம்மாவிடம் கேட்டபோது, "எங்க சாமியைக் கோட்டைக்குக் கொடுத்துட்டோம்" என்றுதான் அவள் இன்னமும் சொல்கிறாள். பெண்ணைக் கட்டிக் கொடுத்த மாதிரி.

ஒரே குறை. திப்பு மகால், ஹைதர் மகால் என்றெல்லாம் பெயர் சொல்லிக் காட்டுகிறார்கள், ஆனால் பல கட்டடங்களை வெளியிலிருந்துதான் பார்க்க முடிகிறது. யாரை அடைத்து வைத்தார்கள் என்பதுதான் கதை என்றால் அடைத்து வைத்த அறையைப் பார்க்காமல் எப்படி? இதை யாராவது எழுதி மனுவாகக் கொடுத்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

ராணிப்பேட்டையிலிருந்து

மேலே எழுதியவர் ஆற்காட்டை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார், அதனால் இது. என் மகனுக்கு வரலாறு என்றால் கசப்பு. வேலூர் நடைக்குப் போய்விட்டு வந்தவன், "அப்பா, அந்த கில்லெஸ்பி நம்ம பக்கத்துலேர்ந்துதான் கிளம்பினானாமே" என்றான். சரி என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் பாலாற்றைத் தாண்டி ஆற்காடு டெல்லி கேட்டுக்குக் கூட்டிப் போனேன். 1751இல் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கிய ஆற்காட்டுக் கோட்டையில் நாம் பார்க்கும்படி நிமிர்ந்து நிற்பது ஆற்றங்கரையில் அந்த வாசல் ஒன்றுதான். கோட்டையைத் தேடி வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர், "இவ்ளோதானா?" என்று எங்களிடமே கேட்டார்கள். என்ன பதில் சொல்வது?

ஆனால் பையன் அங்கே நின்று போனில் தூரம் பார்த்தான். வேலூருக்கு 25 கிலோமீட்டர் சொச்சம். குதிரையில் எவ்வளவு நேரம் ஆகும், வேலூர் சிப்பாய்களுக்கு எத்தனை மணி நேரம் கிடைத்திருக்கும் என்று அவனே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். இரண்டு இடத்தையும் ஒரே நாளில் பாருங்கள். முதலில் ஆற்காடு, அப்புறம் வேலூர். திரும்பும்போது ஆற்காட்டு இனிப்பு மக்கன் பேடா வாங்க மறக்காதீர்கள், இல்லையென்றால் வீட்டில் கதவு திறக்காது.

காட்பாடியிலிருந்து

நான் போன குழுவில் இலங்கையிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் இங்கே அடைபட்டுக் கிடந்தார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, எங்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. 1815இல் பிடித்து அடுத்த வருஷம் இங்கே கொண்டுவந்தார்கள். 1832இல் இங்கேயே செத்துப்போனார். பிறந்தபோது பெயர் கண்ணுசாமி, கண்டியை ஆண்ட நாயக்க வம்சம், மதுரைப் பக்கத்துச் சம்பந்தம். அந்தக் குடும்பத்துப் பெரியவர், "எங்கட ஊரில குளம் வெட்டின ராசா, இஞ்ச வந்து அகழியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்" என்றார். கண்டி நகரின் நடுவில் இருக்கும் அந்தப் பெரிய குளம் இந்த ராஜா வெட்டியதுதானாம்.

எங்களுக்கு வழிகாட்டியவர் சின்ன வயசுக்காரர். மனப்பாடம் பண்ணியதைக் கடகடவென்று ஒப்பித்தார், நடுவில் கேள்வி கேட்டால் முதலிலிருந்து தொடங்கினார். கோயிலிலிருந்து விரிஞ்சிபுரம் வரை சுரங்கப் பாதை இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். அப்படி ஒரு பாதை இருந்ததற்கு அடையாளமே கிடைக்கவில்லை. இலங்கைப் பெரியவர் கேட்ட எதற்கும் அவரிடம் பதில் இல்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நடை முடிந்த பிறகு அவரே கூட வந்து பாலாற்றங்கரை முத்து மண்டபத்தை அவர்களுக்குக் காட்டினார். ராஜாவின் நினைவிடம் அங்கேதான், கோட்டையிலிருந்து கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அந்த அம்மா மல்லிப்பூ வாங்கிப் போட்டார். நம்ம ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்?

தோட்டப்பாளையத்திலிருந்து

கண்டி ராஜாவைச் சொன்னவர்கள் திப்பு வீட்டுப் பெண்களை விட்டுவிட்டீர்கள். ஹைதர் அலியின் மனைவி பக்ஷி பேகம், திப்புவின் மனைவி பாதுஷா பேகம் இரண்டு பேருடைய கல்லறையும் கோட்டைக்குப் பக்கத்திலேயே, ஒரு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கின்றன. எங்க நன்னிமா (பாட்டி) என் சின்ன வயதிலிருந்தே அங்கே கூட்டிப் போய் ஃபாத்திஹா ஓதுவார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு பிள்ளைகள், பெண்கள், பணியாட்கள் என்று மொத்தக் குடும்பமும் இங்கே வந்தது. ஆண்களைக் கல்கத்தாவுக்கு மாற்றியதைப் புத்தகம் சொல்கிறது. இந்த மண்ணிலேயே தங்கிப்போன பெண்களைப் பற்றி நடையில் ஒருவர்கூடப் பேசவில்லை, நான்தான் கையைத் தூக்கிச் சொன்னேன். வழிகாட்டி கோபித்துக்கொள்ளவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்.

கோட்டைக்குள் இருக்கும் பள்ளிவாசலும் பூட்டித்தான் இருக்கிறது, தொழுகை கிடையாது, வெளியே நின்று பார்க்கலாம். பக்கத்தில் 1846இல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் சர்ச்சும் இருக்கிறது. கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள் என்று எல்லா வழிகாட்டியும் பெருமையாகச் சொல்கிறார்கள். சொல்லட்டும். எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

போகிறவர்களுக்கு: கோயிலில் செருப்பைக் கழற்றிவிட்டால் திரும்பி வரும்போது தரை சுடும், அதனால் கோயிலை முதலில் முடித்துவிடுங்கள். மழைக்காலத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள், 2021 நவம்பர் மழையில் அகழித் தண்ணீர் கோயிலுக்குள்ளேயே வந்து நின்றது. மியூசியத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நிழலாவது கிடைக்கும். ஜூலை 10 அன்று மக்கான் சந்திப்பில் இருக்கும் சிப்பாய்ப் புரட்சி நினைவுத் தூணுக்கு மாலை போடுவார்கள். அந்த வாரத்தில் நடை ஏற்பாடு செய்ய முடியுமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள்.