வீராணம் ஏரி: தை, மாசியில் என்ன மீன் ஏறும், எங்கே உட்காரலாம்?

கும்பகோணத்துத் தக்கை:

பொங்கல் லீவுல ரெண்டு நாள் வீராணம் போகலாம்னு இருக்கேன். கையில 7 அடி ராடு, 3000 ரீல், 0.30 மி.மீ. நைலான் நரம்பு (தூண்டில் நூல்). லால்பேட்டைப் பக்கம் மண்புழு போட்டா ஜிலேபி மீன்தான் (திலேப்பியா) ஏறுது, அதுவும் உள்ளங்கை அளவு. பெருசா எதாவது இழுத்தா முடிச்சுக்கிட்டயே அறுந்துடுது. ஏரியில கட்லாவும் விராலும் நிஜமாவே குறைஞ்சு போச்சா? எந்தப் பக்கம் உட்காரலாம்? தண்ணி 47 அடி நிக்குதுன்னு பேப்பர்ல போட்டிருக்கான், அவ்வளவு ஆழத்துக்குத் தக்கையை (மிதவையை) எப்படிக் கட்டுறது?

வடவாற்றுக்கரை:

கடைசிக் கேள்வியை முதல்ல முடிச்சுடுறேன் தம்பி. 47.50 அடிங்கிறது ஆழம் இல்ல, கடல் மட்டத்துல இருந்து கணக்கு. அந்த மட்டத்துல ஏரி நிரம்பினா 1,465 மில்லியன் கனஅடி. 47 அடி நரம்பைத் தொங்க விட்டீங்கன்னா பாதிக்கு மேல தரையில சுருண்டு கிடக்கும். உட்கார்ந்த இடத்து ஆழம் தெரியணும்னா தூண்டில் முள்ளுல கனமான ஈயத்தை மாட்டிப் போட்டுப் பாருங்க. தக்கை முழுகிப் போனா நரம்பு பத்தல, படுத்துக்கிட்டா அதிகம். நுனி மட்டும் தெரியுற மாதிரி நின்னா அதுதான் ஆழம்.

மீன் குறைஞ்சுதாங்கிற கேள்விக்கு, எந்த மீன்னு பிரிச்சுப் பார்க்கணும். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் நிக்கிற தண்ணியில முட்டை போடாது. அதுக்கு ஆத்து வெள்ளம் வேணும். ஏரியில இருக்கிறது குஞ்சா விட்டதும், கொள்ளிடத்துக் கீழணையில இருந்து வடவாறு வழியா வந்ததும்தான். ஒரு கோடையில தண்ணி அடிமட்டத்துக்குப் போனா வலை போட்டு வழிச்சுடுவாங்க. அடுத்த வருஷம் இருக்கிற கட்லா எல்லாம் ஒரே வயசு, ஒரே சைஸ். அதனால "இந்த வருஷம் பெரிய கட்லா இருக்கா?"ன்னு கேக்குறதுக்குப் பதிலா "போன ரெண்டு கோடையில ஏரி வத்துச்சா?"ன்னு விசாரிங்க. அந்த பதிலே போதும்.

ஜிலேபி கதை வேற. 1952-ல நம்ம நாட்டுக்குக் கொண்டு வந்த மீன். ரெண்டு மூணு மாசத்துலயே பருவத்துக்கு வந்துடும், முட்டையை வாயிலயே வச்சு அடைகாக்கும், வருஷத்துல பல ஈடு போடும். கூட்டம் கூடக் கூடத் தீனி பத்தாம குட்டையாவே நின்னுடும். உங்க உள்ளங்கை சைஸுக்குக் காரணம் அதுதான். கரையோரம் மண்புழு போட்டா வேற எதுவும் கிட்ட வர விடாது.

இடம்னு கேட்டா, வடவாறு ஏரியில விழுற முகப்பு. புதுத்தண்ணி ஓடி வர்ற நாள்ல வாளை, கெளுத்தி, ஆரல் எல்லாம் அந்த ஓட்டத்தை எதிர்த்து ஏறும். மேற்கே செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை வாய்க்கும் இதே கணக்குதான், ஆனா மழை வெள்ளம் வந்தாத்தான். தையில அது அடங்கித் தண்ணி தெளிஞ்சிருக்கும், கட்லா மாதிரி கெண்டை வகைக்கு ஏத்த நேரம். லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடை மதகு, பூதங்குடி பக்கத்து மதகு ரெண்டுலயும் ஷட்டருக்குக் கீழ நிக்காதீங்க, சொல்லாம திறப்பாங்க. மீன்பாசி (ஏரியில மீன் பிடிக்கிற உரிமை) ஏலம் எடுத்தவங்க ஆள் கரையில இருப்பாங்க, கேட்டுட்டுப் போடுங்க. அவங்க வலை இழுக்குற அன்னிக்கு அந்தப் பக்கம் தூண்டில் போட்டுப் பிரயோஜனம் இல்ல.

கூண்டுமாவு:

கட்லாவுக்கு மண்புழு வேண்டாம். மேல் நோக்கின வாய், தண்ணியில மிதக்குற நுண்ணுயிரை வடிகட்டித் தின்னுற மீன். மாவு கரைஞ்சு புகை மாதிரி பரவணும், அதுக்குள்ள முள்ளு இருக்கணும்.

வறுத்த தவிடு அரை கிலோ, பொடிச்ச கடலைப் புண்ணாக்கு கால் கிலோ, மைதா 100 கிராம். வெல்லத் தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சுப் பிசையுங்க, ஒரேயடியா ஊத்தாதீங்க. ஸ்பிரிங் கூண்டுல (மாவைப் பிடிச்சு வைக்கிற கம்பிச் சுருள்) எலுமிச்சம்பழ அளவு அமுக்கி, முதல்ல பக்கெட் தண்ணியில போட்டுப் பாருங்க. 10-லிருந்து 15 நிமிஷத்துல உதிர்ந்து முடியணும். அரை மணி ஆகியும் உருண்டையா இருந்தா மைதா ஜாஸ்தி, தவிடு சேருங்க. வீசும்போதே சிதறுதுன்னா மைதா பத்தல. நிறைய பேர் இறுகப் பிசைஞ்சுட்டு மீன் இல்லைன்னு ஏரியைத் திட்டுறது இதனாலதான்.

கூண்டைச் சுத்தி 4 அல்லது 6 நம்பர் முள்ளு மூணு, 8 செ.மீ. பிரெய்டு (பின்னின) நூல்ல. முள்ளு முனையை மாவுல லேசாச் சொருகி வச்சா வீசும்போது சிக்காது. காலையில தண்ணி மட்டத்துல இருந்து 2, 3 அடி கீழ நிக்குற மாதிரி தக்கையைக் கட்டுங்க. வெயில் ஏறினா இன்னும் இறக்குங்க. தரையில கிடந்தா வர்றது மிர்கால்தான்.

நரம்பு அறுறதுக்குக் காரணம் நரம்பு இல்ல, டிராக் (மீன் இழுத்தா நரம்பை விட்டுக் கொடுக்குற ரீல் பிரேக்). 0.30 நரம்பு தாங்குற எடையில மூணுல ஒரு பங்குக்கு மேல டிராக்கை இறுக்கக் கூடாது. கொக்கித் தராசை நுனியில மாட்டி இழுத்தா ஒன்றரை, ரெண்டு கிலோவுல ரீல் சுத்த ஆரம்பிக்கணும். முடிச்சை எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவா இறுக்குங்க. காய்ஞ்சபடி இழுத்தா உராய்ஞ்சு சூடாகி அங்கேயே பலம் போயிடும். கரையில கல் பாவின இடத்துல ஒவ்வொரு மீனுக்கு அப்புறமும் கடைசி ஒரு மீட்டரை விரலால தடவிப் பாருங்க. சொரசொரன்னு இருந்தா வெட்டிட்டு மறுபடி கட்டுங்க.

கோரைப்புல்:

விராலைப் பத்தி யாரும் சொல்லல. ஏரியிலயே முட்டை போட்டுக் குஞ்சு காக்குற மீன் அது, யாரும் கொண்டு வந்து விடத் தேவையில்ல. கிழக்குக் கரையில தேடாதீங்க, மேற்கே எதிர்வாய்ப் பக்கம் (கரைக்கு எதிர்ப்பக்கம், தண்ணி பரவி ஆழம் குறையுற இடம்) போங்க. கோரையும் நெய்வேலி காட்டாமணக்கும் மண்டின இடுப்பளவுத் தண்ணி. 5 செ.மீ. ரப்பர் தவளை, 30 பவுண்டு பிரெய்டு. இந்த இடத்துக்கு 0.30 நரம்பு எடுபடாது, புதர்ல சுத்திக்கும். செடி மேல வீசி, இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கணும். மீன் அடிச்சுத் தண்ணி வெடிச்ச உடனே சுண்டினா தவளை மட்டும் திரும்பி வரும். ரெண்டு எண்ணிட்டு, நரம்பு நகர்றதைப் பார்த்துச் சுண்டுங்க.

உயிர்த் தவளை வேண்டவே வேண்டாம். பெரிய நாட்டுத் தவளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள்ள வருது. இன்னொண்ணு: தண்ணி மேல செக்கச்செவேல்னு குஞ்சுக் கூட்டம் ஒண்ணு கொதிக்கிற மாதிரி நகர்ந்தா, கீழ தாயும் தகப்பனும் நிக்கும், எதைப் போட்டாலும் அடிக்கும். அந்த ஜோடியைத் தூக்கினா குஞ்சை ஜிலேபியும் கெளுத்தியும் காலி பண்ணிடும். விரால் குறையுதுன்னா அதுல பாதி தூண்டில்காரன் பண்ணினது.

கும்பகோணத்துத் தக்கை:

ரொம்ப நன்றிண்ணே. டிராக்கை இறுக்கமாத்தான் வச்சிருந்தேன். கெளுத்திக்கு ராத்திரி உட்காரலாமா?

வடவாற்றுக்கரை:

இருட்டின முதல் ரெண்டு மணி நேரம் போதும். கோழிக்குடல் இல்லேன்னா மண்புழுக் கொத்து, தரையோட. கெளுத்தியோட முதுகு முள்ளும் பக்க முள்ளும் நிமிர்ந்து நிக்கும், அதனால ஈரத்துணியால பிடிச்சு இடுக்கியால தூண்டில் முள்ளை எடுங்க. தேளி (விஷ முள்ளு உள்ள மீன்) மாட்டினா நரம்பையே வெட்டி விட்டுடுங்க. குத்திடுச்சுன்னா கை பொறுக்குற சூட்டுத் தண்ணியில அரை மணிக்குக் குறையாம வச்சிருங்க, கடுப்பு இறங்கும். ஒரு பிளாஸ்க் வெந்நீர் எடுத்துட்டுப் போங்க, டீக்கும் ஆகும்.