வோட்டர் பாத் 44.5 காட்டுகிறது, உள்ளே 43.9தான் இருக்கிறது: கலிபிரேஷன் உதவி தேவை

வாவிக்கரை, கல்லடி:
வணக்கம். குடிநீர் பரிசோதிக்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். மலக் கோலிபோர்ம் (மலத்திலிருந்து வரும் பக்டீரியா) சோதனைக்கு, மாதிரி நீர் விட்ட ஈசி புரோத் (பக்டீரியா வளர்க்கும் திரவம்) குழாய்களை வோட்டர் பாத் என்ற வெந்நீர்த் தொட்டியில் 44.5 பாகை செல்சியஸில் ஒரு நாள் முழுக்க வைக்கிறோம். 0.2 பாகைக்கு மேல் கூடவோ குறையவோ கூடாது. டிஸ்ப்ளே 44.5 காட்டும்போது இரச வெப்பமானி நடுவில் 43.9, ஏசிப் பக்கத்து மூலையில் 43.5 காட்டுகிறது. கொன்ட்ரோலரில் ஒஃப்செட் (டிஸ்ப்ளே காட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதி) இருக்கிறது, 0.6 போட்டுவிடலாமா? மாரி தொடங்கினால் வெள்ளம் ஏறிய கிணறுகளின் மாதிரிகள் குவிந்துவிடும். அதற்கு முன் சரிசெய்ய வேண்டும்.

கருவிக்காரர்:
தங்கச்சி, ஒஃப்செட்டை இப்போதைக்குத் தொடவேண்டாம். பாத்தைக் குறை சொல்வதற்கு முன்னர் வெப்பமானியைச் சோதியுங்கள். காய்ச்சி வடித்த நீரை உறையவைத்து, நன்றாக நொறுக்கி, தெர்மோஸ் பிளாஸ்க்கில் நிரப்பி, இடைவெளி அடைபடும் அளவுக்கு அதே நீரை ஊற்றுங்கள். ஐஸ் மிதக்கும் அளவுக்குத் தண்ணீர் வேண்டாம். கால் மணி நேரம் கழித்து வாசியுங்கள், பூச்சியம் வரவேண்டும். மீனுக்குப் போடும் ஐஸ் எடுக்காதீர்கள். அதை உப்புநீர்த் தொட்டிக்குள் தகர வாளிகளை இறக்கித்தான் உறையவைக்கிறார்கள். நூறில் ஒரு பங்கு உப்புக் கலந்தாலே உருகுநிலை 0.6 பாகை இறங்கிவிடும்.

இன்னொன்று: அது முழுதாக அமிழ்த்தி வாசிக்கும் வெப்பமானியா? அப்படியென்றால் மூடிக்கு மேலே எத்தனை பாகை நீளத்துக்கு இரசம் நிற்கிறது?

ஒலுவில் காற்று:
மூலைப் பிரச்சினை வேறு, அதை ஒஃப்செட் தீர்க்காது. ஏசிக் காற்று நேரே பாத்தில் விழுகிறதா? மூடி இல்லாமல் விட்டால் ஆவியாகிற நீரே சூட்டை இழுத்துக்கொண்டு போகும். சரிவான மூடி போடுங்கள், தண்ணீரைச் சுழற்ற சின்னப் பம்ப் ஒன்று வையுங்கள். பாத்தின் நீர்மட்டம் குழாய்க்குள் இருக்கும் புரோத்தை விட உயரமாக நிற்கவேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றுவதாக இருந்தால் ஹீட்டர் கம்பியில் சுண்ணாம்பு படிந்திருக்கும், அதையும் பாருங்கள்.

வாவிக்கரை:
ஐஸில் 0.2 காட்டுகிறது, சான்றிதழில் 0.0 என்று இருக்கிறது. முழு அமிழ்வு வெப்பமானிதான். வெளியே 40 பாகை நீளம் நிற்கிறது, அறை 30 பாகை. மூடி போட்டு, பம்ப் வைத்து, ஏசியைத் திருப்பிவிட்ட பிறகு மூலைக்கும் நடுவுக்கும் 0.1தான் வித்தியாசம். நடு அதே 43.9.

கருவிக்காரர்:
நல்லது. கண்ணாடி வெப்பமானியில் ஐஸ்புள்ளி ஏறினால் அளவுகோல் முழுக்க அதே அளவு ஏறியிருக்கும், 0.2 கழியுங்கள். வெளியே நிற்கும் இரசம் குளிர்ந்து சுருங்குவதால் வாசிப்பு குறையும்; அதற்கு 0.00016 ஐ (கண்ணாடிக்குள் இரசம் ஒரு பாகைக்கு விரியும் விகிதம்) 40 ஆலும், பிறகு பாத்துக்கும் அறைக்கும் உள்ள வித்தியாசமான 14 ஆலும் பெருக்குங்கள், 0.09 வரும். அதைக் கூட்டுங்கள். ஆக உண்மையில் 43.8. பிழை 0.6 அல்ல, 0.7.

இனி, பாத்தின் வெப்பத்தை டிஸ்ப்ளேக்குச் சொல்லும் சென்சர். அது பிளாட்டினம் நூறு ஓம் வகையாகத்தான் இருக்கும். சூடு ஏற ஏற அதன் மின்தடை ஒரு பாகைக்கு 0.385 ஓம் கூடும். இணைப்பில் 0.27 ஓம் தடை கூடினால் போதும், டிஸ்ப்ளே 0.7 கூட்டிக் காட்டும், பாத் குளிர்ந்தே கிடக்கும். கல்லடியில் கடற்காற்று சும்மா விடுமா? பிளக்கைக் கழற்றிவிட்டு டெர்மினல் திருகுகளைப் பாருங்கள்.

வாவிக்கரை:
அண்ணா, திருகு ஒன்றில் பச்சைக் களிம்பு! கம்பி நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கி இறுக்கினோம். டிஸ்ப்ளே 44.5, திருத்தத்துக்குப் பிறகு வெப்பமானி 44.3.

கருவிக்காரர்:
இப்போது ஒஃப்செட் போடலாம், கழித்தல் 0.2. ஐஸிலோ அறைவெப்பத்திலோ பார்த்துப் போடாதீர்கள், வேலை செய்யும் 44.5இலேயே போடவேண்டும். பிறகு ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு மணிக்கு ஒரு தடவை எழுதுங்கள், இரவு ஏசி நிறுத்திய நேரத்தையும் சேர்த்து. முன் வாசிப்பு, பின் வாசிப்பு, ஒஃப்செட் மூன்றும் லொக் புத்தகத்தில் இருக்கட்டும்.

வாவிக்கரை:
இதுவரை கொடுத்த முடிவுகளை என்ன செய்வது? அந்தக் கிணறுகளில் ஆட்கள் குடிக்கிறார்கள்.

ஒலுவில் காற்று:
பாத் குளிர்ந்திருந்ததால், மலத்திலிருந்து வராத கோலிபோர்ம்களும் வளர்ந்திருக்கலாம். ஆகவே முதலில் சந்தேகப்படவேண்டியது 'உண்டு' என்று வந்தவற்றை. அந்தக் கிணறுகளில் புதிதாக மாதிரி எடுத்துச் செய்யுங்கள், முடிவு வரும்வரை தண்ணீரைக் கொதிக்கவைத்தே குடிக்கச் சொல்லுங்கள். பாத் 45 தாண்டி ஓடியிருந்தால்தான் பயம் கூட. மலக் கிருமியே அடங்கிப்போய்க் கெட்ட கிணறு சுத்தமாகத் தெரிந்திருக்கும். பழைய லொக்கில் அப்படி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கருவிக்காரர்:
வெப்பமானியையும் ஹோமாகமவுக்கு, அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்துக்கு, அனுப்பிப் புதுச் சான்றிதழ் எடுங்கள். அனுப்பும்போது 44.5இல் ஒரு புள்ளி வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்.