1972 எம்ஜிபி காரில் முதல் நீண்ட பயணம்: எந்த வழி போகலாம்?

கேள்வி:
மூன்று மாதம் வேலை பார்த்து என் எம்ஜிபி ரோட்ஸ்டரை (கூரை மடக்கும் பழைய பிரிட்டிஷ் கார்) ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறேன். ஞாயிறு காலை கூரையை மடக்கிவிட்டு மனைவியோடு கிளம்ப ஆசை. மோட்டார்வே வேண்டாம், அவசரமும் இல்லை. வழி சொல்லுங்களேன்.

பதில்:
வாழ்த்துகள் சார்! கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் அபிங்டனிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வண்டி பிறந்த ஊர். 1980-இல் தொழிற்சாலையை மூடும்வரை அங்கேதான் செய்தார்கள். விட்னி, பர்ஃபோர்டு, அப்புறம் பி4425 சாலையில் பிபரி. நான் வருடாவருடம் போகும் பாதை. மணிக்கு 45 மைல் வேகத்தைத் தாண்டாதீர்கள். மூன்றாம் கியரில் அந்த 1798 சிசி எஞ்சினின் உறுமல் கல் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும், கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

கிளம்பும்முன் இரண்டு கார்புரேட்டரின் உச்சியிலும் உள்ள மூடியைத் திருகி எண்ணெய் பாருங்கள். வற்றியிருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் எஞ்சின் திக்கும்.

பதில்:
கூரை திறந்திருந்தால் ஜூனிலும் குளிரும். அண்ணிக்குக் காதை மூடும் தொப்பி கட்டாயம். ஹீட்டரைப் போட்டுக்கொள்ளுங்கள், காலில் கதகதப்பு, முகத்தில் காற்று, அந்தச் சுகமே தனி.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. பின்பக்கக் கார்புரேட்டரில் சுத்தமாக வற்றியிருந்தது, ஊற்றிவிட்டேன். ஆறரைக்குக் கிளம்புகிறோம்.