புதுப்பிப்பு: பூங்காவில் எடுத்த பச்சை முகங்கள்

போன வாரம் இங்கே கேட்டிருந்தேன்: பூங்காவில் மரத்தடியில் உட்கார வைத்து எடுத்த படங்களில் முகமெல்லாம் லேசாகப் பச்சையடிக்கிறதே, லென்ஸ் கோளாறா என்று. லென்ஸ் பாவம், அதன் மேல் தப்பே இல்லை. இலையிலும் புல்லிலும் பட்டுத் திரும்பும் ஒளிதான் தோலில் ஏறியிருக்கிறது.

நேற்று காலை அந்த மரத்தடிப் பெஞ்சை விட்டுவிட்டு, நிழல் முடிந்து வெயில் தொடங்கும் விளிம்புக்கு நண்பரை நகர்த்தினேன். நிழலுக்குள்தான் உட்கார்ந்தார், ஆனால் முகம் திறந்த வானத்தைப் பார்த்தபடி. கருவிழியில் வானம் சின்ன வெள்ளைத் துண்டாக விழுந்தது. தாடைக்கடியில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சம். மடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்ததும் அதுவும் போய்விட்டது. ஒயிட் பேலன்ஸையும் (படத்தின் நிறச் சாயலைச் சரிசெய்யும் கேமரா அமைப்பு) ஆட்டோவில் விடாமல், எந்த நிறமும் சாயாத சாம்பல் அட்டையைப் பார்த்து அமைத்தேன். 85 மி.மீ. லென்ஸ், திறப்பு எஃப்/2.8. "சிரிக்கவா?" என்று கேட்பதை அவர் நிறுத்தவே பத்து நிமிடம் ஆனது. உருப்படியான படங்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவைதான்.

குளத்தைப் படமெடுக்கும் முயற்சிதான் இன்னும் கைகூடவில்லை. போலரைசரை (லென்ஸ் முன் மாட்டித் திருப்பும், பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) முழுக்கத் திருப்பினால் தண்ணீரின் பளபளப்போடு மரங்களின் பிம்பமும் காணாமல் போகிறது. அடுத்த முறை பாதியில் நிறுத்திப் பார்க்கிறேன்.