பர்மாவிலிருந்து வியாசர்பாடிக்கு வந்த அண்ணன் தம்பி: நாடகம் எழுத உதவி வேண்டும்

வியாசை மேடை:
தோழர்களுக்கு வணக்கம். ஒரு மணி நேர மேடை நாடகம் எழுதுகிறோம். 1965-இல் ரங்கூனை விட்டு ராமேஸ்வரம் வழியாக வந்து வியாசர்பாடியில் குடிசை போடும் குடும்பம். அண்ணனுக்கு 12 வயது, தம்பிக்கு 7. அப்பா அத்தோ (பர்மிய நூடுல்ஸ் கலவை) கடை வைக்கிறார். ஸ்கூல் சம்பளம் கட்ட முடியாமல் அண்ணன் படிப்பை விட்டுக் கடைக்கு வருகிறான், தம்பி பிளஸ் டூ வரை படிக்கிறான். சண்டை அங்கேதான் ஆரம்பம். வருஷக் கணக்கு சரியா? மேடையில் நிஜமாகவே அத்தோ கலக்கலாமா? பையன்கள் வளர்வதை எப்படிக் காட்டுவது?

கல்மண்டபம்:
முதல்ல ராமேஸ்வரத்தை எடுத்துடுங்க தோழர். அது சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துல இலங்கையிலிருந்து வந்தவங்க வழி. உங்க குடும்பம் கப்பல்ல நேரா சென்னைத் துறைமுகத்துல இறங்கட்டும்.

ஸ்கூல் சம்பளம் காட்சியும் நிற்காது. காமராஜர் ஆட்சியிலேயே அரசுப் பள்ளிகள்ல சம்பளம் எடுத்தாச்சு, மதியச் சாப்பாடும் வந்தாச்சு. அண்ணன் ரங்கூன்ல பர்மிய மொழியில படிச்சவன். தமிழ் எழுத்து தெரியாது. 12 வயசுப் பையனை வாண்டுகளோட தரையில உட்கார வெச்சு ‘அ, ஆ’ எழுதச் சொன்னா எத்தனை நாள் தாங்குவான்? அவனே பையைத் தூக்கிட்டு வந்துடுவான். இது காசுக் காட்சியைவிட வலிக்கும்.

பிளஸ் டூ 1978-லதான் வந்தது. அதுக்கு முன்னே 11-ஆம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி., அப்புறம் காலேஜ்ல ஒரு வருஷம் பி.யூ.சி. தம்பியை 1965 ஜூன்ல ஒண்ணாம் வகுப்புல போட்டா, 1976-ல எஸ்.எஸ்.எல்.சி. எழுதுவான். அப்போ வயசு 18, அண்ணனுக்கு 23. அந்த ஜனவரி 31 அன்னிக்கு தி.மு.க. ஆட்சியைக் கலைச்சாங்க. தம்பி படிச்சிட்டிருக்கும்போது டீக்கடை ரேடியோவுல அந்தச் செய்தி போனாலே போதும், ஆண்டைச் சொல்ல அட்டை பிடிக்க வேண்டாம்.

அப்பாவை வெறும் முன்கோபியா எழுதாதீங்க. 1964 மார்ச்ல பர்மாவோட நே வின் ராணுவ அரசு ரங்கூன் கடைகளை எடுத்துக்கிச்சு. மே மாசம் 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கையிலிருந்த காசு ஒரே நாள்ல காகிதமான மனுஷன், இங்கே வந்தும் நோட்டைச் சேர்த்து வைக்கப் பயப்படுவார். அன்னிக்கு வந்த வரும்படியை அன்னிக்கே எண்ணெயும் வெங்காயமுமா மாத்திடுவார். 1969-ல சென்னையில பர்மா பஜார் கடைத்தெரு வருது. அண்ணனுக்கு 16 வயசு, அங்கே சின்னதா ஒரு கடை பிடிக்கணும்னு துடிக்கிறான், வீட்டுல முன்பணத்துக்கு நூறு ரூபாய் தேறலைன்னா சண்டை தானா வரும்.

தம்பி படிக்கிறதுக்கு இந்த வீடு கொடுக்கிற விலை ஆள்தான். சாயங்காலக் கடைக்கு மூணு கை வேணும்: ஒருத்தர் கலக்க, ஒருத்தர் தட்டு கழுவ, ஒருத்தர் காசு வாங்க. தம்பி புத்தகத்தோட உட்கார்ந்தா அண்ணன் ரெண்டு வேலை பார்க்கணும். இதை வசனமா சொல்லாதீங்க. ஈரக் கையோட அண்ணன் சில்லறை எண்ணுறதைப் பார்த்தா ஜனத்துக்குப் புரியும்.

அடுப்படி:
அத்தோ தாராளமா கலக்கலாம். எல்லாம் முன்கூட்டியே செஞ்சு ஆறவெச்சுக் கையால பிசையறதுதான், மேடையில அடுப்பே வேண்டாம். நெருப்புக்கு அரங்குக்காரங்க அனுமதி தர்றது கஷ்டம்.

நாலு தட்டுக்கு: வேகவெச்ச நூடுல்ஸ் 400 கிராம், மெல்லிசா சீவின முட்டைகோஸ் 100 கிராம், பச்சை வெங்காயம் 1, பொரிச்ச வெங்காயம் ஒரு கைப்பிடி, பூண்டு எண்ணெய் 4 ஸ்பூன், பொட்டுக்கடலை மாவு 3 ஸ்பூன், எலுமிச்சை அளவு புளியை ஒரு டம்ளர் தண்ணியில கரைச்சது, இடிச்ச மிளகாய், உப்பு, கொத்தமல்லி, நொறுக்கின பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறு பலகாரம்) 4.

சொதப்புற இடம் மூணு. நூடுல்ஸை வடிச்சதும் எண்ணெய் தடவி விரிச்சுப் போடலைன்னா காட்சி வர்றதுக்குள்ள கட்டியாயிடும். பூண்டு பொன்னிறத்துக்கு மேல போனா எண்ணெயே கசக்கும். பேஜோ நம்ம கடற்கரைக் காத்துக்குச் சீக்கிரம் நமுத்துடும், காட்சி வரைக்கும் டப்பா மூடியைத் திறக்காதீங்க. நொறுங்குற சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கணும். வாழைத்தண்டு சூப்பை பிளாஸ்க்ல ஊத்தி, அதைக் குண்டானுக்குள்ள மறைச்சு வையுங்க, ஊத்தும்போது ஆவி வரும்.

வியாசை மேடை:
ரொம்ப நன்றி. சம்பளக் காட்சியை இன்றே வெட்டுகிறேன். பர்மியர்கள் கன்னத்தில் பூசும் தனாக்கா மரப்பட்டைச் சாந்துக்கு என்ன செய்வது? வயது மாற்றம்?

கல்மண்டபம்:
சந்தனத்தூள் 2 ஸ்பூன், முல்தானி மட்டி 1 ஸ்பூன், தண்ணி விட்டுக் குழைங்க. காய்ஞ்சா வெடிக்கும், ரெண்டு சொட்டு கிளிசரின் சேருங்க. மஞ்சள் விளக்கு போட்டா பூச்சு தெரியாது, அந்தக் காட்சிக்கு வெள்ளை விளக்கு.

வயசுக்கு விளக்கை அணைக்காதீங்க. கடை மேசைக்கு முன்னால சாக்கு தொங்கட்டும். பேஜோ டப்பா எடுக்கச் சின்ன அண்ணன் கீழே குனியட்டும், அங்கே ஒளிஞ்சிருக்கிற பெரிய அண்ணன் டப்பாவோட எழுந்து அதே தட்டைக் கலக்கட்டும். தம்பிக்கும் அப்படியே, கழுவுற வாளிக்குப் பின்னால. ரெண்டு அண்ணன்களும் ஒரே கையால கலக்கணும், கைலியும் ஒரே நிறம், ஒரே கட்டு. ஒத்திகையிலேயே எண்ணெய் தடவின நூடுல்ஸ் கொடுத்துடுங்க. வெறும் கையில பழகினவனுக்கு அன்னிக்குத் தட்டு வழுக்கும்.