சருகுக்குள் கிடைத்த கூன்வண்டு: புது இனமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வி.கே.புரத்துக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். விலங்கியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன், பூச்சிகளோடு எனக்கிருந்த பழக்கம் கல்லூரியோடு சரி. போன மாதம் மேற்கு ஆப்பிரிக்கக் காட்டில் இலைச்சருகுக்குள் கிடைத்த ஒரு புதுக் கூன்வண்டை விவரித்திருந்த கட்டுரை கண்ணில் பட்டது. மூன்று மில்லிமீட்டர் வண்டுக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள், மூக்கு எவ்வளவு வளைவு, முதுகில் எத்தனை வரிசைக் குழி, தொடையில் முள் உண்டா இல்லையா, போதாக்குறைக்கு ஆண் உறுப்பின் படம் மூன்று கோணத்தில். இவ்வளவும் எதுக்கு என்று எனக்குப் புரியவில்லை.

ஆனாலும் ஆசை விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் பலாவும் மாவும் நிற்கிற தோட்டம் உண்டு (பட்டா நிலம், காடு இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்). மரத்தடிச் சருகை அள்ளி, அம்மா அரிசி பயறு சலிக்கிற சல்லடையில் போட்டுச் சலித்து, விழுந்ததை வெள்ளைத் தட்டில் பரப்பி உட்கார்ந்தேன். கால் மணி நேரம் ஒன்றும் அசையவில்லை. கொட்டிவிடலாம் என்று தட்டைத் தூக்கும்போது ஒரு மண்துகளுக்குக் கால் முளைத்து நடக்க ஆரம்பித்தது! அப்படியே ஐந்து கிடைத்தன, எல்லாம் மூன்று மில்லிமீட்டர் சுமாருக்கு, மூக்கு நீண்ட ஜாதிதான். மெடிக்கலில் வாங்கிய ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன்.

இது புது இனமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விவரணை எழுத யாருக்கு உரிமை? பெயர் நானே வைக்கலாமா? எங்க ஆச்சி பெயரை வைக்கணும் என்று நினைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

சருகுப்பூச்சி:

சிரிக்கவில்லை, ஆச்சி பெயர் வைக்க விதி இடம் கொடுக்கும். விலங்குப் பெயரிடலுக்கு ஒரு சர்வதேச விதித்தொகுப்பு இருக்கிறது, இப்போது நடப்பில் இருப்பது 1999இல் வந்த நான்காம் பதிப்பு. அதன்படி பட்டம், பதவி எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் விவரிக்கலாம். பெயர் லத்தீன் எழுத்தில் இருக்கணும், மற்ற இனங்களிலிருந்து இது எதில் மாறுபடுகிறது என்று எழுதணும், ஒரே ஒரு வண்டை ஹோலோடைப் (அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி) என்று குறித்து அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்பதையும் சொல்லணும். இணையத்தில் மட்டும் வருகிற இதழ் என்றால் 2012 முதல் செல்லும், ஆனால் ஜூபேங்க் என்கிற இணையப் பதிவேட்டில் பதிந்திருக்கணும். இங்கே போட்டோ போட்டுப் பெயர் எழுதினால் செல்லாது.

பக்கம் பக்கமாக எதுக்கு என்று கேட்டீர்களே, அதற்குக் காரணமே பழைய ஆட்கள் சுருக்கமாக எழுதியதுதான். அந்தக் காலத்து விவரணைகள் சில பத்து வரியில் முடிந்துவிடும், "கருப்பு, நீள்வட்டம், செதில் உண்டு" என்கிற ரீதியில். அது நூறு வண்டுக்குப் பொருந்தும். அதனால் இன்றைக்கு ஒருவர் மேற்கு ஆப்பிரிக்க வண்டைப் புதுசு என்று சொல்லுமுன் பாரிஸ், லண்டன், பெல்ஜியத்து டெர்வூரன் என்று அருங்காட்சியகங்களில் கிடக்கும் பழைய ஹோலோடைப்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாகணும். நமக்கும் கதை அதுவேதான். பிரிட்டிஷ் இந்தியாவின் கூன்வண்டுகள் பற்றி கை மார்ஷல் (Guy Marshall) என்கிற பிரிட்டிஷ் பூச்சியியலாளர் எழுதிய முதல் பாகம் 1916இல் வந்தது, அந்த மனிதர் ஆப்பிரிக்க வண்டுகளுக்கும் ஏகப்பட்ட பெயர் வைத்தவர்.

ஆண் உறுப்புப் படமும் சும்மா போடுவதில்லை. சருகு வண்டுகள் வெளியே பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே அந்த உறுப்பின் நுனி மட்டும் இனத்துக்கு இனம் மாறும். வயிற்றைக் கழற்றி பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, தசை கரைந்தபின் ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். நீளம் அளக்கும்போது மூக்கைச் சேர்க்கவும் மாட்டார்கள், அது குனிந்தும் நிமிர்ந்தும் அளவைக் கெடுக்கும்.

உங்கள் வண்டு பற்றி ஒரே கேள்வி. லென்ஸில் பாருங்கள், இறக்கையுறையில் (முதுகை மூடும் கெட்டியான மேல்சிறகு) மங்கலாக நாலு செம்புள்ளி தெரிகிறதா? சல்லடை என்று சொன்னதிலிருந்து எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முந்திரி அண்ணாச்சி:

தம்பி, நான் பூச்சி படித்தவன் இல்லை. சொந்த ஊர் அம்பாசமுத்திரம், முந்திரிக்கொட்டை கொள்முதலுக்காகக் கானாவில் டெக்கிமன், வென்சி பக்கம் பல வருஷம் கிடந்தேன். அங்கே டிசம்பரில் ஹர்மத்தான் என்று சகாராவிலிருந்து ஒரு காற்று வரும், உதடு வெடிக்கும், சட்டையெல்லாம் தூசி, காட்டுச் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கும். அந்த நேரத்தில் சருகுக்குள் என்ன தேடினாலும் கிடைக்காது, எல்லாம் ஈரம் தேடி அடியில் போயிருக்கும். நீங்களும் சாரல் அடிக்கிற மாதங்களில் தேடிப் பாருங்கள்.

இன்னொன்று. அக்ராவிலிருந்து கிழக்கே டோகோ, பெனின் என்று காரில் போனால் பெரிய காடே கண்ணில் படாது, புல்லும் புதருமாகவே போகும். மேற்கேயும் காடு, நைஜீரியா தாண்டிக் கிழக்கேயும் காடு, நடுவில் மட்டும் பொட்டல். இதற்கும் உங்கள் வண்டுக்கும் சம்பந்தம் இருக்கா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சருகுப்பூச்சி:

அண்ணாச்சி சரியான இடத்தைத் தொட்டுவிட்டீர்கள். அதற்கு டஹோமி இடைவெளி என்று பெயர், மேற்கேயுள்ள மேல் கினிக் காடுகளையும் கிழக்கேயுள்ள கீழ்க் கினிக் காடுகளையும் பிரிப்பது அதுதான். சருகில் வாழ்கிற கூன்வண்டுகள் பலவற்றுக்குப் பறக்கும் சிறகு கிடையாது, மேலே இருக்கும் இரண்டு இறக்கையுறையும் ஒட்டிக்கொண்டு ஓடாகிவிட்டிருக்கும். ஈரச்சருகு இல்லாத பொட்டலை அது எப்படிக் கடக்கும்? காடு துண்டானால் அங்கங்கே மாட்டிக்கொண்டு, காலப்போக்கில் தனித்தனி இனமாகும். மேற்கு ஆப்பிரிக்காவின் நிம்பா மலை வண்டும் அதற்குத் தூரத்து மலை வண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

நமக்கு இருப்பது செங்கோட்டைக் கணவாய். தெற்கே அகத்தியமலை, வடக்கே பெரியாறு பக்கத்து மலைகள், நடுவில் ஆரியங்காவு வழியாக ரயிலே போகிறது. அதனால்தான் பொதிகையடிச் சருகு என்றதும் எனக்கு நாக்கு ஊறுகிறது. ஆனால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போய் ஒரு கை சருகு அள்ளவும் வனத்துறை அனுமதி வேண்டும். புது இனம் என்றால் 2002 பல்லுயிர்ச் சட்டப்படி மாதிரியை அரசு அங்கீகரித்த சேகரிப்பில் ஒப்படைக்கவும் வேண்டும், இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படி ஒன்று.

கல்லிடை அப்பளம்:

இவ்வளவு சுற்றணுமா? டிஎன்ஏ எடுத்தால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடுமே. நியூ கினியில் டிரைகனாப்டெரஸ் என்கிற சருகுக் கூன்வண்டில் 2013இல் ஒரே கட்டுரையில் 101 புது இனம் போட்டார்கள், விவரணை சின்னது, படமும் டிஎன்ஏவும் மிச்சம். பெயர் பற்றாமல் டெலிபோன் டைரக்டரியில் இருந்த குடும்பப் பெயர்களை எடுத்துச் சூட்டினார்கள். அதே வண்டின் காலில் திருகாணியும் மரையும் மாதிரி ஒரு மூட்டு இருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள், அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை, வேற விஷயம்.

சருகுப்பூச்சி:

அது நல்ல வேலைதான், ஆனால் எல்லா இடத்துக்கும் செல்லாது. டிஎன்ஏ "இதுவும் அதுவும் வேறு" என்று சொல்லும். நூறு வருஷத்துக்கு முன் பெயர் வைத்து அட்டையில் ஒட்டி வைத்த வண்டு இதுதானா என்று சொல்ல அந்தப் பழைய வண்டிலிருந்தும் டிஎன்ஏ எடுக்கணும், அதற்குக் கால் ஒன்றைக் கேட்டால் அருங்காட்சியகத்தார் லேசில் தரமாட்டார்கள். பழசு அதிகமில்லாத கூட்டத்தில் அந்த வேகம் சரி. பழைய பெயர்கள் குவிந்து கிடக்கும் இடத்தில் அவசரப்பட்டால் ஒரே வண்டுக்கு ரெண்டு பெயர், அப்புறம் அதை அவிழ்க்க இன்னொருவன் தலையைப் பிய்த்துக்கொள்ளணும்.

வி.கே.புரத்துக்காரன்:

மானம் போச்சு. பள்ளி லேப் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். ஐந்தில் நாலுக்கு முதுகில் செம்புள்ளி, நாலும் அரிசி வண்டு! 1763இல் லின்னேயஸ் பெயர் வைத்துவிட்டுப் போன வண்டுக்கு நான் ஆச்சி பெயரை வைக்கப் பார்த்திருக்கிறேன். சல்லடை விளிம்பின் மடிப்பைத் தட்டினால் இன்னும் ரெண்டு விழுந்தன. அம்மாவிடம் சொன்னதற்கு, "சருகை அள்ளி அதில கொட்டினியே, அந்தச் சல்லடையிலதான் காலையில உளுந்து சலிச்சேன்" என்று ஒரு பாட்டம் திட்டு வேறு.

ஆனால் ஐந்தாவது வேற மாதிரி. புள்ளி கிடையாது, உடம்பெல்லாம் மண் அப்பியிருக்கிறது, நனைத்த தூரிகையால் தடவத் தடவ அடியில் குட்டைக் குட்டையாக நிமிர்ந்த செதில்கள் தெரிகின்றன. கால்களை வயிற்றுக்கடியில் மடக்கி வைத்துக்கொண்டே செத்திருக்கிறது. ஊசியால் இறக்கையுறையைத் தூக்கப் பார்த்தேன், திறக்கவில்லை.

சருகுப்பூச்சி:

அதற்குமேல் தூக்காதீர்கள், உடைந்துவிடும்! மெடிக்கல் ஸ்பிரிட்டிலிருந்து எடுத்து 95 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றுங்கள், ஃபார்மலின் பக்கமே போகவேண்டாம், டிஎன்ஏ போய்விடும். தேதி, இடம், எந்த மரத்தடி என்று பென்சிலில் சீட்டு எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரையும். ஒன்றை வைத்து எதுவும் சொல்லமுடியாது, அது பெண்ணாக இருந்தால் அந்த ஆண் உறுப்புப் படத்துக்கும் வழியில்லை. அதே பலா மரத்தடியில் மழைக்குப் பிறகு மறுபடியும் பாருங்கள். சலித்ததைத் தட்டில் கொட்டாமல் வலைப்பையில் போட்டு, அதைச் சுற்றித் துணிப்பை கட்டி, அடியில் ஆல்கஹால் கிண்ணம் வைத்து நிழலில் ரெண்டு மூன்று நாள் தொங்கவிடுங்கள். சருகு காயக் காய உள்ளே இருப்பதெல்லாம் தானாக வெளியேறிக் கிண்ணத்தில் விழும்.

வி.கே.புரத்துக்காரன்:

சரி. அம்மாவுக்குப் புதுச் சல்லடை வாங்கிக் கொடுத்தாச்சு, பழையது இனிமேல் எனக்கு. துணிப்பைக்கு ஆச்சியின் பழைய பாவாடையைக் கேட்டிருக்கிறேன், எதுக்கு என்று இன்னும் சொல்லவில்லை.